இண்டியானா ஜோன்ஸ் லெதர் ஜாக்கெட்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பேட்டர்ன் மாஸ்டர், சென்னை

ஏற்றுமதிக்கு லெதர் உடைகள் தைக்கும் யூனிட்டில் வேலை செய்கிறேன். 1981-இல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் நாயகன் போட்ட ஜாக்கெட் இது. இன்றைக்கும் வெளிநாட்டிலிருந்து இதே ஸ்டைலைக் கேட்டு ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது. பையர் அனுப்பும் போட்டோவில் பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கும். நான் முதுகுப் பக்கப் படத்தைக் கேட்டு வாங்குவேன். இந்த ஜாக்கெட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முன்னால் பார்த்தால் எல்லாம் எளிமை. ஒரு ஜிப், அதை மூடும் பட்டை, மூடி வைத்த இரண்டு பாக்கெட், சட்டைக் காலர், அவ்வளவுதான். பின்னால் திருப்பினால் தோளுக்குக் கீழே குறுக்காக ஒரு யோக், அதாவது தனியாக வெட்டி இணைத்த தோள் துண்டு. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஆழமான மடிப்பு இறங்கும். இடுப்பின் இரு புறமும் இழுத்துப் பிடிக்க வார் இருக்கும். உடைகளை வடிவமைத்த டெபோரா நடூல்மன் அந்த மடிப்பை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு சாட்டை சுழற்ற வேண்டும். மடிப்பில்லாத ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கையை உயர்த்தினால் மொத்தமும் மேலே ஏறி இடுப்பு தெரியும், அக்குளில் பிடிக்கும். இதில் மடிப்பு விரிந்துகொடுக்கும், கையை இறக்கினால் மூடிக்கொள்ளும்.

தைப்பதில் சிரமமும் அந்த இடம்தான். துணியென்றால் பிரித்துத் தைத்துவிடலாம். லெதரில் ஊசி போன ஓட்டை அப்படியே நிற்கும். மடிப்பு தடித்துத் தூக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க, ஓரங்களை ஸ்கைவிங் செய்து, அதாவது மெல்லிசாகச் சீவி இளைக்க வேண்டும். அப்புறம் சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவி, சுத்தியால் தட்டிப் படிய வைக்க வேண்டும். எந்தத் தோலின் எந்தப் பகுதியை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆட்டுத் தோலில் முதுகுப் பகுதி கெட்டியாக நிற்கும், வயிற்றுப் பகுதி இழுபடும். வயிற்றுத் தோலை முதுகு பேனலுக்குப் போட்டால் கொஞ்ச நாளிலேயே மடிப்பு தொய்ந்து வாய் பிளந்துவிடும். எங்கள் கட்டிங் அண்ணன் ஒவ்வொரு ஸ்கின்னையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேட்டர்னை மேலே வைப்பார். சாம்பிள் முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு, மேலே ரேக்கில் இருக்கும் நூல்கண்டை எட்டி எடுப்பார். கீழ் விளிம்பு இடுப்பை விட்டு ஏறாமல் இருந்தால் சரி என்பார்.

காஸ்ட்யூம் உதவியாளர், கோடம்பாக்கம்

மாஸ்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நமக்குப் பிடித்துப்போனது அந்த ஜாக்கெட்டின் பழமை. ஆனால் படப்பிடிப்புக்கு வந்தபோது அது புத்தம்புதுசு. டெபோரா ஃபோர்டின் சுவிஸ் ராணுவக் கத்தியையும் ஒரு கம்பி பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அவர்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது.

பழசாக்குவதில் நாங்கள் இங்கே தினமும் படுகிற பாடு இருக்கிறதே! டீ டிகாஷன், உப்புத்தாள், தூசிக்கு முல்தானி மிட்டி என்று எல்லாம் உண்டு. பொருளைவிட எங்கே தேய்ப்பது என்பதுதான் பெரிய விஷயம். கை நுழையும் பாக்கெட் வாய், மேசையில் உராயும் முழங்கை, கழுத்து படும் காலர், மடிப்பின் முனை, இங்கெல்லாம்தான் தேயும். நெஞ்சின் நடுவில் யாருக்கும் தேயாது. எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தேய்த்துவிட்டால் ஜாக்கெட் அழுக்காகத் தெரியும், வாழ்ந்ததாகத் தெரியாது. அதிலும் சண்டைப் படமென்றால் ஒரே உடையில் பல பிரதிகள் வேண்டும், நடிகருக்கு, டூப்புக்கு, நனைவதற்கு, கிழிவதற்கு என்று. பாக்கெட் மூடியில் போட்ட கீறல் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். நான் போட்டோ எடுத்து, ஸ்கேல் வைத்து அளந்து போடுவேன்.

மைக்கேல் ஜாக்சன் 'திரில்லர்' வீடியோவில் போட்ட சிவப்பு ஜாக்கெட்டும் இதே டெபோராவின் கைவண்ணம்தான். 2011-இல் அது 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

ஹந்தானை, கண்டி

இண்டியானா ஜோன்ஸ் இரண்டாவது படத்தின் வெளிப்புறக் காட்சிகள் பலவற்றை எங்கள் பக்கம்தான் எடுத்தார்கள், 1983-இல். இந்தியாவில் நடக்கிற கதை, ஆனால் இந்திய அரசின் அனுமதி கிடைக்காததால் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முந்தின கதை. அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தொங்கு பாலத்தைப் பற்றிக் கேட்டால் இப்போதும் அவர் எழும்பி நின்று கையைக் காட்டித்தான் கதைப்பார். அந்தப் பாலத்தில் சண்டை நடக்கும்போது நாயகனிடம் ஜாக்கெட் இல்லை, கிழிந்த சட்டைதான். படத்தைத் திரும்பப் பார்க்கும்போது கவனியுங்கள். ஜாக்கெட் இல்லாமலும் தொப்பியும் பையும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த உருவத்தை அவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்தப் படத்துக்கு உடை அந்தோனி பவல். நாயகிக்கு 1920, 30-களின் பழைய மணிகளைக் கோத்து ஒரே ஒரு மாலை நேர கவுன் செய்திருந்தார். காட்சிக்காக அதை மரத்தில் காயப்போட்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற யானை அதன் முதுகுப் பக்கத்தைத் தின்றுவிட்டது. காப்பீட்டுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் யானை தின்றது என்று அவர் எழுத வேண்டி வந்தது. இரண்டாவது பிரதி இல்லாத உடையை வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கொண்டுவருவது எவ்வளவு ஆபத்து என்பது கோடம்பாக்கத்து நண்பருக்கு நன்றாகவே விளங்கும்.

மாஸ்டர் அண்ணா, நானும் இப்படி ஒன்று வாங்கப் பார்க்கிறேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? எங்கள் மழைக்குத் தாங்குமா?

பேட்டர்ன் மாஸ்டர், சென்னை

தம்பி, பாக்கெட் மூடியின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். குரோம் உப்பால் பதனிட்ட தோல் உள்ளே நீலச் சாம்பல் நிறமாக இருக்கும். சாயம் உள்வரை இறங்கியிருந்தால் அந்த விளிம்பும் பழுப்பாகவே தெரியும். அப்படிப்பட்டதை வாங்கினால்தான் தேயத் தேய அழகு கூடும். மேலே மட்டும் பெயின்ட் அடித்ததென்றால் கீறல் விழுந்த இடத்தில் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும்.

மழையில் நனைந்தால் பரவாயில்லை. நெருப்பு, வெயில் பக்கம் கொண்டுபோகாமல் அகலமான ஹேங்கரில் போட்டு நிழலில் காய விடுங்கள். பாலித்தீன் கவருக்குள் போட்டுப் பீரோவில் வைக்கவே வைக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். பருத்தித் துணியால் மூடினால் போதும். அடிக்கடி எடுத்துப் போடுங்கள்.