பல்லுருவாக்கமா, பல்வினைமையா? லுவா அட்டவணைகளை முன்வைத்து

அன்புடையீர், வணக்கம்.

லுவா என்ற நிரல்மொழிக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருள்நோக்கு நிரலாக்கம் பற்றிய இயலில் பாலிமார்ஃபிசம் (ஒரே பெயரோ நிரலோ பல வகைத் தரவுக்கும் பயன்படுவது) என்ற சொல்லுக்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் இதைப் பல்லுருவாக்கம் என்கிறது. மாணவர்கள் அறிந்த சொல்லையே எடுத்தாள்வது முறை என்றுதான் தொடங்கினேன். ஆனால் லுவாவில் நடப்பதை அச்சொல் சுட்டவில்லை என்பது எழுத எழுதத் தெளிவாயிற்று.

1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த லுவாவில் இனக்குழு (கிளாஸ், அதாவது பொருள்களை வார்க்கும் அச்சு) என்ற அமைப்பே கிடையாது. தரவைக் கட்டமைக்க, பெயர்களோடு மதிப்புகளை இணைத்து வைக்கும் அட்டவணை (டேபிள்) ஒன்றுதான் உண்டு. அணியும் (வரிசைப் பட்டியல்) பொருளும் (ஆப்ஜெக்ட்) அதைக் கொண்டே செய்யப்படுகின்றன. வட்டம் ஓர் அட்டவணை, சதுரம் இன்னோர் அட்டவணை என்று கொள்வோம். இரண்டிலும் 'பரப்பு' என்ற பெயரில் ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது. இரண்டையும் ஒரு பட்டியலில் இட்டு, மடக்கினுள் (லூப்) ஒவ்வொன்றிடமும் பரப்பைக் கேட்டால், ஆரம் 7 உள்ள வட்டம் 22/7 கணக்கில் 154 என்கிறது. பக்கம் 7 உள்ள சதுரம் 49 என்கிறது. கேட்கும் வரிக்கு எது வட்டம், எது சதுரம் என்று தெரிய வேண்டியதில்லை. இங்கே எந்தப் பொருளும் உருமாறவில்லை, எதுவும் பல உருவாக ஆக்கப்படவும் இல்லை. ஒரு பெயருக்குப் பல வினைகள் அமைந்திருக்கின்றன.

பாடநூல் சொல்லை அப்படியே கொள்வதில் இன்னொரு இடரும் உண்டு. சி++ என்ற நிரல்மொழி வழியே படித்தவர்கள் பல்லுருவாக்கம் என்றதும் பணிமிகுப்பையே நினைப்பார்கள். அதாவது, அளபுருக்கள் (செயற்கூறு பெறும் உள்ளீடுகள்) வேறுபட, ஒரே பெயரில் பல செயற்கூறுகளை எழுதுவதை. லுவாவில் அது இயலாது. அட்டவணையில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்புத்தான் இருக்க முடியும்; 'பரப்பு' என்ற பெயரில் இரண்டாவது செயற்கூறு ஒன்றை இட்டால் முதலாவது சத்தமில்லாமல் அழிந்துபோகும், பிழைச்செய்தி கூட வராது. பழகிய சொல்லே மாணவரை இப்படித் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே பல்வினைமை என்ற சொல்லை முன்வைக்கிறேன். பல வினைகளைத் தாங்கும் பெயர் பல்வினைப் பெயர். அந்தப் பண்பு பல்வினைமை. தொல்காப்பியம் 'வினைவேறு படூஉம் பலபொருள் ஒருசொல்' என்று ஒரு வகையைப் பேசுகிறது. மா என்பது மரத்தையும் விலங்கையும் குறிக்கும். 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. அங்கே வினை வந்து பெயரின் பொருளைத் தெளிவிக்கிறது; லுவாவிலோ, அழைப்பைப் பெறும் அட்டவணை வந்து வினையைத் தெளிவிக்கிறது. திசை மாறினாலும், சொல் ஒன்றாக இருக்கச் சூழல் அதன் பயனை முடிவு செய்யும் முறை ஒன்றே. பலபொருண்மை என்றே வைத்திருப்பேன். ஆனால் நிரலாக்கத்தில் பொருள் என்ற சொல் ஆப்ஜெக்டுக்குப் போய்விட்டதால், அது 'பல ஆப்ஜெக்டுகள்' என்று படிக்கப்படும்.

வலுவான மறுப்பு ஒன்று எழக்கூடும். பிரித்தானியக் கணினி அறிவியலாளர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி 1967இலேயே பாலிமார்ஃபிசத்தை இரு வகையாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்றில், எத்தரவினத்துக்கும் (எவ்வகைத் தரவுக்கும்) ஒரே நிரல் அப்படியே இயங்கும். பட்டியலின் நீளத்தைக் கணக்கிடும் செயற்கூறு, உள்ளிருப்பவை எண்களா சரங்களா (எழுத்துத்தொடர்களா) என்று பார்ப்பதில்லை. அங்கே வினை ஒன்று, இனங்கள் பல. பல்வினைமை அதற்குப் பொருந்தாது. அந்த மறுப்பை ஏற்கிறேன். இரு வகைக்கும் பொதுவாகப் பல்லுருமை என்று சொல்லலாம். 'ஆக்கம்' நீங்கினாலே அது செயலாகத் தோன்றாமல் பண்பாக நிற்கும். அழைப்பைப் பெறும் பொருளைப் பொறுத்து வினை மாறுவதற்கு மட்டும் பல்வினைமை என்போம்.

ஓர் அட்டவணையின் நடத்தையை வரையறுக்க அதனோடு இணைக்கும் மெட்டாடேபிளுக்கு, மீதரவு (மெட்டாடேட்டா) என்ற சொல்லின் வழியில் மீயட்டவணை போதும். கேட்ட பெயர் ஓர் அட்டவணையில் இல்லாதபோது அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதை அது சொல்கிறது; இரண்டு அட்டவணைகளைக் கூட்டினால் என்ன நிகழ வேண்டும் என்பதையும் அதில் எழுதிவைக்கலாம். அப்போது கூட்டல் குறியைப் பல்வினைக் குறி என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

சொல்லைச் சோதித்துப் பார்க்க லுவாவே இடம் தருகிறது. மாறிகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றாலும், அட்டவணையில் இடும் பெயர் வெறும் சரம் என்பதால், சதுர அடைப்புக்குள் 'பரப்பு' என்று தமிழிலேயே எழுதி அழைக்க முடியும். இயலின் முதல் எடுத்துக்காட்டை அப்படித்தான் எழுதியிருக்கிறேன்; அதன் கீழே 'பரப்பு என்பது இங்கே ஒரு பல்வினைப் பெயர்' என்ற வரி நிற்கிறது. அவ்வரி உங்கள் செவிக்கு இடறுகிறதா என்று சொல்லுங்கள்.