தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வீடு மாற்றம்: செலவும் குப்பையும் குறைய வழி சொல்லுங்கள்

பென்னாகரம் சாலைக்காரர்:

வயது 56. பணிமாறுதலில் கிருஷ்ணகிரிக்குப் போகிறேன். சுமார் 45 கிலோமீட்டர்தான், தினமும் பஸ்ஸில் போய்வந்துவிடலாம் என்றிருந்தேன். முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை. ராயக்கோட்டை சாலைப் பக்கம் மாடிவீடு பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று.

ஏழு ஆண்டுகளுக்கு முன் சேலத்திலிருந்து இங்கே வந்தபோது வேலையை ஒரு பேக்கிங் நிறுவனத்திடம் ஒப்படைத்தேன். பெயர் வேண்டாம். குக்கருக்கு மூன்று சுற்றுக் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக். அம்மிக்கல்லைக்கூட அட்டையில் பொதிந்து, மேலே ‘உடையும் பொருள்’ என்று ஒட்டியிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிரித்த குப்பை ஓர் அறையை அடைத்துக்கொண்டது. அதை ஒழிக்க இரண்டு மாதமாயிற்று; தெர்மாகோல் உருண்டைகள் இப்போதும் பரணில் உருளுகின்றன.

இம்முறை அப்படியொரு நிறுவனம் 16,000 ரூபாய் கேட்கிறது. இங்கே ஸ்டாண்டில் குட்டி யானைக்கு நடை ஒன்றுக்கு 3,500; இரண்டு நடை ஆகுமாம், ஏற்று இறக்குக் கூலி தனி. சாமான்: பீரோ இரண்டு, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், அம்மி, ஆட்டுக்கல், புத்தகம் நானூறுக்குக் குறையாமல், தொட்டிச் செடி இருபது, ஓடாத பழைய டப்பா டிவி ஒன்று.

இன்னொரு சிக்கல். ஆடி முதல் வாரத்தில் பணியில் சேர வேண்டும். ஆடியில் குடிபோகக் கூடாது என்று அம்மா உறுதியாக இருக்கிறார். அவருக்கு 80 வயது. வாதாடுவதில் பயனில்லை.

குட்டி யானை ஓட்டுநர், காவேரிப்பட்டணம்:

ஐயா, நீங்கள் தப்பான ஊர் ஸ்டாண்டில் கேட்கிறீர்கள். தர்மபுரி வண்டி உங்கள் சாமானைக் கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டு வெறுமையாகத்தான் திரும்பும். அந்த டீசலையும் சேர்த்துத்தான் வாடகை சொல்வார்கள். அதில் அவர்கள் மேல் குற்றமில்லை, நானும் அப்படித்தான் சொல்வேன். கிருஷ்ணகிரிப் பக்கத்து வண்டி தர்மபுரிக்குச் சுமை கொண்டுவந்து இறக்கிவிட்டு ஊர் திரும்பும் நேரத்தில் பிடியுங்கள். எப்படியும் வீட்டுக்குப் போகிற வண்டி. கிடைப்பது லாபம் என்று பாதி வாடகைக்கு வருவான். ஒரு வாரம் முன்பே கிருஷ்ணகிரி ஸ்டாண்டில் சொல்லி வையுங்கள். ‘இந்தத் தேதிக்கு மேல் எந்த நாளானாலும் சரி’ என்று சொன்னால்தான் கிடைக்கும். நாள், நேரம் குறித்தால் கிடைக்காது.

கணக்குப் பிடிக்கும் என்றால்: இரண்டு நடை போய்வந்தால் 180 கிலோமீட்டர். சுமையோடு லிட்டருக்கு 15 என்று வைத்தாலும் 12 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஆக 32 கிலோ. ஊர் திரும்பும் வண்டியில் போனால் அந்த டீசல் உங்களுக்காக எரிவதல்ல.

இன்னொன்று. குட்டி யானையின் தொட்டி நீளம் 7 அடி சொச்சம், அகலம் 5 அடிக்குச் சற்றுக் குறைவு. எடை முக்கால் டன்னுக்குள் இருக்க வேண்டும். இரண்டு பீரோ, கட்டில், நானூறு புத்தகம் ஒரே நடையில் அடங்காது. அதைவிடப் பெரிய பிக்கப் வண்டி பிடித்து ஒரே நடையில் முடியுங்கள். ஆடிப்பெருக்கு நாளைத் தவிருங்கள். ஒகேனக்கல் கூட்டத்தில் நீங்களும் மாட்டுவீர்கள், வண்டியும் கிடைக்காது.

பர்கூர் அக்கா:

ஆடிக்கு வழி சுலபம் அண்ணா. ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாளில் அம்மாவை அழைத்துப் போய்ப் புது வீட்டில் பால் காய்ச்சிவிடுங்கள். சாமான் பிறகு எப்போது போனாலும் அது குடிபோவதாகாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். ஆடியில் வீடு மாற்றுகிறவர்கள் குறைவு, அதனால் வண்டி வாடகையிலும் பேரம் படியும்.

கேஸ் சிலிண்டரைச் சாமானோடு ஏற்றாதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் முன்பணத்தைத் திருப்பித் தந்து மாற்றுச் சீட்டு கொடுப்பார்கள். அதைக் காட்டி அங்கே இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். அடுப்பு உங்களுடையது, அது வரட்டும்.

பெட்டிக்கு அலையாதீர்கள். மாம்பழக் காலம் முடிகிற நேரம் இது, மண்டிகளில் பிளாஸ்டிக் கிரேட்டுகள் சும்மா அடுக்கிக் கிடக்கும். தெரிந்தவர் மூலம் கேட்டால் நாள் வாடகைக்குத் தருவார்கள். புத்தகத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. கைப்பிடி உண்டு, ஒன்றின் மேல் ஒன்று நிற்கும்.

சந்தேகப்பேர்வழி:

45 கிலோமீட்டர் டீசலுக்கு இவ்வளவு கணக்கா? புது வீட்டுக்குப் புதுச் சோபா, புதுக் கட்டில் என்று வாங்காமல் இருந்தாலே போதும். டப்பா டிவியை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். செம்புக் கம்பிக்காகப் படக்குழாயை உடைப்பார்கள், கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் புதிய விதிகளும் அதைத்தான் சொல்கின்றன.

பென்னாகரம் சாலைக்காரர்:

போய்ச் சேர்ந்தாயிற்று. கேட்டவன் முடிவைச் சொல்லாமல் போவது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.

ஆனி கடைசி வாரத்தில் அம்மாவும் நானும் ஒயர் கூடையில் உப்பு, மஞ்சள், குத்துவிளக்கோடு பஸ்ஸில் போய்ப் பால் காய்ச்சினோம். கண்டக்டர் கூடைக்கு டிக்கெட் கேட்கவில்லை. சாமான் ஆடி ஆறாம் நாள், புதன்கிழமை. தர்மபுரியில் சுமை இறக்கிவிட்டுத் திரும்பிய பிக்கப், 2,800 ரூபாய். மூன்று நாள் காத்திருந்த பிறகு கிடைத்தது. அந்த மூன்று நாளும் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே தூங்கினோம். அதை ஓட்டுநர் தம்பி முன்பே சொல்லியிருக்கலாம். மாடிக்கு ஏற்ற இரண்டு பேருக்கு 1,600. கிரேட் முப்பதுக்கு 300.

காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் ஓர் அடிகூட வாங்கவில்லை. கண்ணாடிச் சாமான் அப்பாவின் பழைய வேட்டிகளுக்குள் போயிற்று, தலையணைகள் வாஷிங் மெஷினுக்குள், மளிகை அண்டாவுக்குள். உடைந்தது ஊறுகாய் ஜாடி ஒன்று. அதைக் கையில் எடுத்துவந்தவன் நான்தான். ஃபிரிட்ஜை நிற்கவைத்தே கொண்டுவந்து, நான்கு மணி நேரம் கழித்துத்தான் போட்டோம். செடிகளில் பதினான்கை எதிர்வீட்டம்மா வாங்கிக்கொண்டார். ஆட்டுக்கல்லைக் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. இரண்டாள் முக்கி முனகி மாடியேற்றினார்கள். தனியாக 200 கொடுத்தேன், அது நியாயம்.

டிவி மட்டும் பழைய வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். இந்தப் பக்கம் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் யாரேனும் வந்து எடுத்துப் போவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.