கரியமில வாயு இவ்வளவு கூடியும் கடல் ஏன் 20 சென்டிமீட்டர்தான் உயர்ந்திருக்கிறது?

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 400 பங்கு என்ற அளவில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைவிட 5 முதல் 25 மீட்டர் வரை உயர்ந்திருந்தது என்று வகுப்பில் சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்து, "இப்போது 420-ஐயும் தாண்டிவிட்டோமே ஐயா, 1901 முதல் 2018 வரை கடல் 20 சென்டிமீட்டர்தானே உயர்ந்தது?" என்று கேட்டாள். பனி உருகத் தாமதமாகும் என்றேனே தவிர, எவ்வளவு தாமதம், எதனால் தாமதம் என்பதை என்னால் விளக்க முடியவில்லை.

பதில் 1

மாணவி கேட்டது மிகச் சரியான கேள்வி. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கி நீராக்குவதற்குச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு, அந்த நீரை ஏறக்குறைய 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். கிரீன்லாந்தில் அந்தப் பனி, நடுப்பகுதியில் 3 கிலோமீட்டர் கனத்துக்குக் கிடக்கிறது. அது ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழக்கிறது. கடல் ஒரு மில்லிமீட்டர் உயர 36,000 கோடி டன் வேண்டும். முழுவதும் உருகினால் கடல் 7.4 மீட்டர் உயரும் என்பதால், இன்றைய வேகத்திலேயே போனால் ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகும். ஆனால் வேகம் இப்படியே இருக்காது. உருக உருகப் பனியின் மேற்பரப்பு தாழ்ந்து, மேலும் வெப்பமான காற்றுக்குள் இறங்கும்.

ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா ஆய்வகத்தில் அளக்கத் தொடங்கிய 1958-இல் கரியமில வாயுவின் அளவு 315 பங்குதான் இருந்தது. 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பனிக்கு உருக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவகாசம் கிடைத்தது; நாம் ஒரு மனித ஆயுளுக்குள் 100 பங்குக்கு மேல் ஏற்றிவிட்டோம்.

பதில் 2

கிரீன்லாந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். மேற்கு அண்டார்டிகாவுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. அங்கே பனி உட்கார்ந்திருக்கும் தரையின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே போகப் போக இன்னும் ஆழமாகிறது. வெதுவெதுப்பான கடல்நீர் அடியில் புகுந்து அரிக்கிறது. அங்குள்ள த்வெயிட்ஸ் பனியாறு ஒன்று முழுவதும் சரிந்தாலே கடல் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும்.

டம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினாலும் தண்ணீர் வழியாதே என்று மாணவர்கள் கேட்பார்கள். மிதக்கும் பனிக்கு அது ஏறக்குறைய உண்மைதான். ஆனால் கரையோரம் மிதக்கும் பனித்திட்டுதான் பின்னால் தரையில் இருக்கும் பனிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்த முட்டு போனால், தரைப்பனி கடலுக்குள் விரைந்து இறங்கும்.

பதில் 3

ஒரு விடுபாடு. 1971 முதல் 2018 வரையிலான உயர்வில் ஏறத்தாழ பாதி, வெப்பத்தால் கடல்நீர் விரிந்ததால் வந்தது. பனி இன்னும் தன் பங்கை முழுதாகக் காட்டவில்லை. காட்டியபோது எப்படி இருந்தது என்பதும் தெரியும்: 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, பாக் நீரிணையை நடந்தே கடக்கலாம். பிறகு, சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன், கடல் நூற்றாண்டுக்கு 3 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஏறியது.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. 27,000 கோடி, 36,000 கோடி கணக்கை நாளை கரும்பலகையில் அந்த மாணவியையே போடச் சொல்கிறேன். த்வெயிட்ஸை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.