போலோ டீசல் ரீமேப்: நாகர்கோவிலிலா, கோவையிலா, வீட்டுக்கே வருபவரிடமா?

திருவட்டாறுக்காரன்

வணக்கம். என்னிடம் 2014 கடைசியில் வாங்கிய போலோ 1.5 டீசல் இருக்கிறது. 90 பிஎஸ், 230 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திருவட்டாறிலிருந்து வாரம் இரண்டு முறை திருநெல்வேலிக்குப் போய் வருகிறேன். நாகர்கோவில் தாண்டும்வரை முந்துவதற்கு இடம் கிடைப்பதே அரிது. கிடைக்கும் சிறு இடைவெளியிலும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்குக் கீழே இருந்தால் வண்டி திணறி நிற்கிறது. இதே 1,498 சிசி எஞ்சின் அந்தக் காலத்து ஜிடி மாடலில் 105 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர் தந்தது. எனவே ரீமேப் (எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவின் மென்பொருளை மாற்றி எழுதுவது) செய்துவிடலாம் என்று இருக்கிறேன்.

மூன்று பேரிடம் விசாரித்தேன். நாகர்கோவிலில் ஒரு கார் அலங்காரக் கடையில் 12,000 ரூபாய், ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார்கள். கொச்சியிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வருவதாகச் சொல்கிறார், 18,000. கோவையில் டைனோ (வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) வைத்திருக்கும் ஒருவர் 28,000 கேட்கிறார். கிளட்ச் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மாற்றியதே இல்லை. யாரிடம் போகலாம்?

குழித்துறை 75

செய்யும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்கள் பதிலையும் வாங்கி வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. விபத்துக்குப் பிறகு சர்வேயர் கேள்வி கேட்கும்போது நீங்கள் மறைத்தவராக இருக்கக்கூடாது. இன்சூரன்ஸ் வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

தோவாளைப்பூ

தம்பி, யாரிடம் செய்வது என்பதற்கு முன்பே உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. 1,800 சுற்றுக்குக் கீழே திணறுகிறது என்கிறீர்கள். அந்த எஞ்சினின் 230 நியூட்டன் மீட்டரும் 1,500 முதல் 2,500 சுற்றுக்குள் கிடைக்க வேண்டும் என்பது கம்பெனியே அச்சிட்டிருக்கும் அளவு. கிடைக்கவில்லை என்றால் வண்டிக்கு ஏதோ நோய் இருக்கிறது. காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் வெடிப்பாக இருக்கலாம், கரி அடைத்த இஜிஆர் வால்வாக (வெளியேறும் வாயுவில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்புவது) இருக்கலாம். நோயுள்ள வண்டிக்கு ரீமேப் செய்வது காய்ச்சல்காரனைச் சுமை தூக்கச் சொல்வது போன்றது. நான் பட்டவன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

என் வண்டி 2012 வெர்னா 1.6 டீசல், 128 பிஎஸ். தோவாளையில் பூ வியாபாரம் செய்கிறேன். 2018-இல் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, நாகர்கோவிலில் ஒரு லாட்ஜின் வாகன நிறுத்தத்தில் ஒரே நாளில் ஆறு வண்டிகளுக்கு ரீமேப் செய்தார். 15,000 ரூபாய். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் (சோதனைக் கருவி இணைக்கும் இடம்) வயரைச் செருகினார், லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், முக்கால் மணி நேரத்தில் முடிந்தது என்றார். போனட்டைத் திறக்கவே இல்லை. பேட்டரிக்குச் சார்ஜரும் இணைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் இறங்கினால் இசியு பாதியில் நின்று, வண்டி உயிர்ப்பிக்காமலே போய்விடக்கூடும் என்பது எனக்கு அன்று தெரியாது. 160 பிஎஸ் என்று அச்சடித்த தாள் ஒன்றையும் கையில் கொடுத்தார்.

ஓணத்துக்கு முந்திய வாரம். சங்கரன்கோவிலிலிருந்து பின்சீட் நிறையப் பூ மூட்டைகளுடன் விடியும் முன் வந்துகொண்டிருந்தேன். முப்பந்தல் காற்று உங்களுக்குத் தெரியும். கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும், திருநெல்வேலியிலிருந்து வருபவருக்கு நேர் எதிர். ஆறாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். டேக்கோமீட்டர் முள் 2,200-இலிருந்து 3,000-க்கு ஏறியது, வேகமோ 95-ஐ விட்டு அசையவில்லை. காலை எடுத்தால் முள் இறங்கும், மிதித்தால் முள் மட்டும் ஏறும். பிறகு கருகிய வாடை, அத்தனை பூ வாசத்தையும் மீறி உள்ளே வந்தது. காற்றாலைகளுக்குக் கீழே ஓரமாக நிறுத்தி, லோடு ஆட்டோ வரவழைத்து மூட்டைகளை மாற்றினேன். சந்தைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கேரள வியாபாரிகள் வாங்கிக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள்.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்ற வேண்டியதாயிற்று. பழையபடி ஆக்கித் தாருங்கள் என்று அந்த மனிதரை அழைத்தால், என் வண்டியின் ஒரிஜினல் ஃபைல் (இசியுவில் முதலில் இருந்த மென்பொருள்) அவரிடம் இல்லை. என் வண்டியின் இசியுவில் இருந்ததை அவர் படித்தெடுக்கவே இல்லை. இதே மாடல் வேறொரு வண்டிக்கான ஃபைலை அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

பிறகு திருவனந்தபுரம் பக்கம் ஒரு பட்டறைக்காரர் சரிசெய்தார். அவர் வேலை செய்த விதத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும். முதல் நாள் எதையும் எழுதவில்லை. கருவியை மாட்டிக்கொண்டு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, காலிச் சாலையில் என்னை ஓட்டச் சொன்னார். இசியு கேட்கும் அழுத்தம் ஒரு கோடு, உண்மையில் கிடைக்கும் அழுத்தம் ஒரு கோடு. எரிபொருள் குழலில் 1,600 பார் கேட்ட இடத்தில் 1,430 தான் இருந்தது. "டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டு அடுத்த வாரம் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். பணம் வாங்கவில்லை. வேலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பத் தெரிந்தவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

முந்தியவர் செய்திருந்ததையும் அவர்தான் விளக்கினார். டீசலின் அளவைக் கூட்டி, புகை வரம்பை (காற்றுக்கு மீறி டீசல் போகாமல் இசியு வைக்கும் எல்லை) எடுத்துவிட்டிருக்கிறார், காற்றைக் கூட்டவில்லை. எரியாத டீசல் கறுப்புப் புகையாகப் போகும், வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறி டர்போவைத் தின்னும். கிளட்சைத் தின்றது 2,000 சுற்றுக்குக் கீழே திடீரென்று கொட்டிய டார்க். இவர் அந்த இடத்தை மட்டுப்படுத்தி, மெதுவாக ஏறும்படி எழுதினார். 145 பிஎஸ் போதும் என்றார். எழுதும்போது பேட்டரியோடு சார்ஜரை இணைத்திருந்தார். என் மாடலுக்குரிய ஒரிஜினல் ஃபைலை எண் பார்த்துத் தேடியெடுத்து, அதையும் புதியதையும் ஒரு பென் டிரைவில் தந்தார். அது இன்றும் ஆர்சி புத்தகத்தோடு இருக்கிறது. மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியிருக்கலாம். அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

உங்கள் வண்டிக்கே உரிய விஷயம் ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன் குழுமம் மாசு வெளியேற்ற விவகாரத்தில் இந்தியாவில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. உங்கள் எஞ்சினும் அதில் சிக்கிய இஏ189 எஞ்சின் குடும்பம்தான். ஷோரூமில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருந்தால் உங்கள் இசியுவில் இருப்பது பழைய ஃபைல் அல்ல. உங்கள் வண்டியை முதலில் படிக்காமல் கையிருப்பில் உள்ளதை எழுதுபவர் எவரானாலும் வேண்டாம். நாகர்கோவில் கடைக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள், பதில் தெரிந்துவிடும்.

கோவைக்காரர் கிளட்சைப் பற்றிக் கேட்டார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டைனோ தாளில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு கோடுகளும் உங்கள் வண்டியுடையவையா, ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் எடுத்தவையா என்று பாருங்கள். போக மட்டும் 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், திருத்தம் வந்தால் மறுபடியும் போக வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். கொச்சிக்காரர் வீட்டுக்கு வருவது குற்றமல்ல. லாக் (ஓட்டியபடி இசியு அளவுகளைப் பதிவது) எடுக்காமல் போனால்தான் குற்றம்.

கருங்கல் டிஎஸ்ஐ

பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐரோப்பாவின் 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய ஃபைலை நம் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலோடு ஓட்டினால் எஞ்சினில் தட்டல் வரும். நீங்கள் வழக்கமாக எந்தப் பெட்ரோல் போடுகிறீர்கள் என்று கேட்காதவரிடம் போகாதீர்கள். ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) பெட்டியின் உலர் கிளட்ச் 250 நியூட்டன் மீட்டருக்கு வகுக்கப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

திருவட்டாறுக்காரன்

அண்ணாச்சி, மிக்க நன்றி. தக்கலையில் ஒரு மெக்கானிக்கிடம் விசிடிஎஸ் (இசியு அளவுகளைப் படிக்கும் மென்பொருள்) இருந்தது. நேற்று அதிகாலை மூன்றாவது கியரில் லாக் எடுத்தோம். 1,750 சுற்றில் இசியு கேட்ட டர்போ அழுத்தம் 2,050 மில்லிபார், கிடைத்தது 1,690. 3,000-க்கு மேல் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொள்கின்றன. டர்போ போய்விட்டதா?

தோவாளைப்பூ

டர்போவே போயிருந்தால் மேலேயும் ஒட்டாது தம்பி. கசிவு என்றுதான் நினைக்கிறேன். இன்டர்கூலர் குழாயைக் கழற்றாமல் அடிப்பக்கம் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு எங்கே ஈரமாக இருக்கிறதோ அங்கே சோப்புத் தண்ணீர் தெளித்துக் காற்று ஏற்றட்டும்.

திருவட்டாறுக்காரன்

கிளிப்புக்கு அடியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. குழாயை வளைத்தால்தான் வாய் திறக்கிறது, நேராக வைத்தால் கண்ணுக்கே தெரியவில்லை. புதுக் குழாய்க்குச் சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை வரும். கொச்சிக்காரரை ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குழாயை மாட்டி, அதே சாலையில் அதே கியரில் மறுபடி லாக் எடுத்து இங்கே போடுகிறேன்.