தாராபுரத்துக்கு ரயில் வந்திருந்தால் திருப்பூர் வளர்ந்திருக்குமா?

நொய்யல்கரையான்:
டீக்கடையில் ஆரம்பித்த சண்டை இது. "வழி போட்டால் வியாபாரம் தானாக வரும்" என்றான் நண்பன். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தாராபுரம் பழைய ஊர், ஆனால் இன்றுவரை ரயில் இல்லை. சென்னையிலிருந்து கேரளக் கரையிலுள்ள பேப்பூருக்குப் போட்ட பாதை 1862இல் கோவை பக்கத்துப் போத்தனூரைத் தொட்டது, திருப்பூர் அதன்மேல் இருந்தது. சுற்றுவட்டாரப் பருத்தியெல்லாம் மாட்டுவண்டியில் அங்கே போய்ச் சேர்ந்தது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் வந்தது, அப்புறம் பனியன். ஊரைத் தேர்ந்தெடுத்தது ரயில்தான்.

களத்துக்காரர்:
ஏனுங்க, எங்கள் காங்கயத்துக்கும்தான் ரயில் இல்லை. கொப்பரைக் களங்கள் ஓடவில்லையா? தேங்காயை உடைத்து நிமிர்த்திப் போட்டால் காய வேண்டும், அவ்வளவுதான். மழை குறைச்சல், வெயில் ஏராளம், அதனால் தொழில் நின்றது. நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013இல்தான். முட்டையும் லாரியும் அதற்குக் காத்திருந்தனவா?

நொய்யல்கரையான்:
லாரி வானத்திலா ஓடுகிறது? ரோடும் வழிதானே.

களத்துக்காரர்:
சரி, ரோடு வேண்டும். ஆனால் கோவையில் மில்கள் பெருகியது 1930களில், நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபிறகு. நடுவில் எழுபது வருடம் ரயில் என்ன செய்தது? பஞ்சை வெளியே ஏற்றிக்கொண்டு போனது.

ரிக்வண்டி:
திருச்செங்கோட்டுக்காரன், கென்யாவில் போர்வெல் போட்டிருக்கிறேன். நைரோபியே 1899இல் ரயில்வே முகாமாக ஆரம்பித்த ஊர்தான். அதுவரை சதுப்பு நிலம். நொய்யல்கரையான் சொல்வதற்கு நல்ல சாட்சி. ஆனால் அந்தப் பாதை மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிக்கு, வெள்ளைக்காரன் கணக்குக்குப் போட்டது. யார் எதற்குப் போடுகிறார்களோ, சரக்கும் அந்தத் திசையில்தான் ஓடும்.

பேக்கிங்செக்ஷன்:
பெரிய விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. மேப்பில் பார்த்தால் திருப்பூருக்குக் கொச்சிதான் கிட்ட. அங்கே வல்லார்பாடத்தில் 2011இல் கன்டெய்னர் முனையமே திறந்தார்கள். ஆனாலும் எங்கள் பெட்டிகள் பெரும்பாலும் தூத்துக்குடிக்கே போகின்றன. கேரள எல்லையில் வாளையாரில் செக்போஸ்ட் இருந்த காலத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். 2017இல் ஜிஎஸ்டி வந்து அது போனது, ஆனால் பழக்கம் போகவில்லை. கிளியரிங் ஆள், லாரி செட், கொழும்புக்குப் போகும் சின்னக் கப்பல், எல்லாமே தூத்துக்குடிப் பழக்கம். ராத்திரி பதினொரு மணிக்குக் கடைசிப் பெட்டியை ஏற்றி சீல் வைக்கும்போது நாங்கள் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, கப்பலுக்குச் சரக்கு போய்ச் சேர வேண்டிய கட் ஆஃப் நேரத்தைத்தான் பார்ப்போம். ஒருமுறை கப்பலை விட்டுவிட்டு ஏர் கார்கோவில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபம் விமானத்திலேயே பறந்துவிட்டது.

களத்துக்காரர்:
அப்படிப் போடுங்க. தூரம் குறைந்தால் மட்டும் போதாது.

நொய்யல்கரையான்:
நீங்கள் சொல்வதும் வழிதானே ஐயா! செக்போஸ்ட், கப்பல், எல்லாம் வழியில் சேர்த்தி. நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த பழைய ஊர் கொடுமணலைப் பாருங்கள். கேரளக் கரையில் இருந்த பழைய துறைமுகம் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கருவூருக்கு, அதாவது இன்றைய கரூருக்குப் போன பாதை. அதன்மேல் இருந்ததால்தான் அந்த ஊரில் கல்மணிகள் செய்து ரோமானியரோடு வியாபாரம் நடந்தது.

களத்துக்காரர்:
மணிக்குக் கல் எங்கள் படியூரில் கிடைத்தது, அதை விட்டுவிட்டீர்கள். அப்புறம், கணவாய் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கொடுமணலில் இப்போது எத்தனை ஏற்றுமதிக் கம்பெனி?

நொய்யல்கரையான்:
ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு வாருங்கள், இதை டைப் பண்ண முடியாது.