வைத்தியசாலை அபிவிருத்திக் குழு நோயாளர் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கலாமா?

வினா (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹட்டன்)
எங்கள் பகுதி வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவில் அண்மையில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கூரை, மின்பிறப்பாக்கி, நன்கொடைக் கட்டில்கள் ஆகியவற்றைப் பற்றி நீண்ட நேரம் பேசுகிறோம். சிகிச்சையின்போது நோயாளருக்குத் தவறுதலாக நேரும் தீங்கைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. மருத்துவம் படிக்காத நாங்கள் அதைக் கேட்பது முறையா?

பதில் (ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், கண்டி)
முறைதான் ஐயா, கடமையுங்கூட. எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பது வைத்தியரின் தீர்மானம். ஆனால் சென்ற மாதம் விடுதியில் வழுக்கி விழுந்தவர்கள் எத்தனை பேர், மருந்து மாறிக் கொடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், சத்திரசிகிச்சைக் காயத்தில் கிருமி தொற்றியவர்கள் எத்தனை பேர், அதன் பிறகு நடைமுறையில் என்ன மாற்றப்பட்டது என்பவை குழு கேட்க வேண்டிய கேள்விகள். இங்கிலாந்தின் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயரில், வைத்தியசாலையில் சரியான பராமரிப்பின்றி நோயாளர் பலர் துன்புற்ற அவலத்தை ஆராய்ந்து 2013 இல் வெளிவந்த ரொபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை, அங்கிருந்த நிர்வாகச் சபை நிதி நிலையிலும் இலக்குகளிலும் கண்ணாயிருந்து, நோயாளரும் ஊழியரும் சொன்னவற்றுக்குப் போதியளவு செவிகொடுக்கவில்லை என்று கண்டது. நம் குழுக்களுக்கு அத்தகைய சபைகளின் அதிகாரம் இல்லை. ஆயினும் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார் என்று தெரிந்தால், பதிவேட்டை ஒழுங்காக எழுதுவார்கள்.

எண்ணிக்கை கூடியிருப்பதைக் கண்டதும் "யார் செய்தது?" என்று மட்டும் தேடாதீர்கள். ஒரு தாதி தண்டிக்கப்பட்டால் அடுத்த மாதம் பதிவேடு வெறுமையாக இருக்கும். தீங்கு அப்படியே இருக்கும்.

பதில் (தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், பொகவந்தலாவை)
மலையகத்தில் மொழியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நீரிழிவு கிளினிக்குக்குப் போய்வரும் கொழுந்து பறிக்கும் அம்மாவின் மருந்து உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால், காலையில் விழுங்க வேண்டிய மாத்திரையை அவர் இரவிலும் விழுங்கக்கூடும். சத்திரசிகிச்சைக்கான சம்மதப் படிவத்தில், அதில் என்ன இருக்கிறதென்று அறியாமலே கைநாட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். 1987 இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனவே இது சலுகை கேட்பதாகாது. மருந்து உறைகளும் படிவங்களும் தமிழிலும் இருக்கின்றனவா என்பதை, மருத்துவம் படிக்காதவரும் மருந்து கொடுக்கும் இடத்தில் நின்று பார்த்துவிடலாம்.

வினா எழுப்பியவர்
இருவருக்கும் நன்றி. நோயாளரின் இரகசியம் என்று கூறி விபரம் தர மறுத்தால் என்ன செய்வது?

பதில் (ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், கண்டி)
பெயரும் கட்டில் இலக்கமும் வேண்டாம், மாதாந்த எண்ணிக்கை மட்டும் போதும் என்று எழுத்தில் கேளுங்கள். அதையும் மறுத்தால், அந்த மறுப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்து, அடுத்த கூட்டத்தில் மீண்டும் கேளுங்கள்.