என்டி ஃபில்டர் போட்டு எடுத்த படங்கள்: எத்தனை நொடி வைத்தீர்கள்?

கரையோரம்:

என்டி ஃபில்டர் (லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) வாங்கப் போகிறவர்கள் எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்டாப் என்றுதான் கேட்கிறார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். நானும் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். ஷட்டரை எத்தனை நொடி திறந்து வைப்பது என்ற கேள்வி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. என் கதையைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பெரிய பெரிய கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை அந்தக் கற்களுக்குள் புகுந்து புகுந்து திரும்பும்.

ஒரு ஜனவரி மாதம், இருட்டோடு போய் ட்ரைபாடை நிறுத்தினேன். கையில் புதுசாக வாங்கிய பத்து ஸ்டாப் ஃபில்டர். வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடும். ஃபில்டர் போடாமல் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 11-இல் பார்த்தபோது கேமராவின் வெளிச்ச மீட்டர் கால் நொடி காட்டியது. ஆயிரத்தால் பெருக்கினால் 250 நொடி, நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். நாம் மூடும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் மோடில் வைத்து, ரிமோட்டைப் பூட்டி, செல்போனில் டைமரை ஓடவிட்டேன்.

கிழக்கே வானம் சிவந்துகொண்டே வந்தது. நான் போட்ட கணக்கு தொடங்கிய நிமிடத்து வெளிச்சத்துக்கு. விடியற்காலையில் நாலு நிமிடம் என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அப்போது உறைக்கவில்லை. ஷட்டரை மூடினேன், படம் வரவில்லை. படம் கார்டில் பதியும்போது எரியும் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆனில் இருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் படம் எடுத்ததோ அதே அளவு நேரம் ஷட்டரை மூடியபடி இன்னொரு கருப்புப் படம் எடுத்து, சென்சார் சூட்டில் வரும் புள்ளிகளை அதை வைத்துக் கழிக்கும். அதாவது இன்னொரு நாலு நிமிடம். அதற்குள் சூரியன் முழுசாக மேலே வந்துவிட்டது. நான் காத்திருந்த சூரியோதயம் அது, பார்த்துக்கொண்டே நின்றேன். வந்த படத்தில் வானம் வெளுத்துக் கிடந்தது.

அதிலிருந்து விடியற்காலையில் கணக்கில் வரும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வைக்கிறேன். சாயங்காலம் நேர்மாறாக, கூட்டி வைக்க வேண்டும். நாய்ஸ் ரிடக்‌ஷனை நேரம் இருக்கும்போது மட்டும் ஆன் செய்கிறேன்.

இரண்டாவது முறை எல்லாம் சரியாக வந்தது. இரண்டு நிமிடம். கடல் பனிமூட்டம் மாதிரி ஆகி, கற்கள் மேகத்தில் மிதந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். பெரிதாக பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டினேன். ஒரு மாதம் பார்த்த பிறகு எனக்குப் பிடிக்கவில்லை. அது கடலா ஏரியா என்றே தெரியவில்லை. கோயிலின் பாதியை விழுங்கிய தண்ணீர் அந்தப் படத்தில் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், நீங்கள் எத்தனை நொடி வைக்கிறீர்கள்? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

தென்காசிக்காரன்:

அண்ணா, அருவிக்கு அவ்வளவு நேரமே வேண்டாம். குற்றாலம் பழைய அருவியில் நான் வைப்பது அரை நொடி. மர நிழலில் மீட்டர் 1/15 நொடி காட்டும், மூன்று ஸ்டாப் ஃபில்டர் போட்டால் அரை நொடிக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நொடி போனால் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அரை நொடியில் தண்ணீர் நூல் நூலாக இறங்குவது தெரியும், பாறையில் பட்டுத் தெறிப்பதும் கொஞ்சம் நிற்கும்.

எங்கள் ஊரில் பிரச்சினை சாரல்தான். சீசனில் லென்ஸை அருவிப் பக்கம் திருப்பினாலே பத்து நொடியில் கண்ணாடி முழுக்கத் துளி. நான் ஒரு துண்டை லென்ஸ் மேல் தொங்கவிட்டு, எடுக்கும் நேரத்தில் மட்டும் விலக்குவேன். எடுத்ததும் மூடிவிடுவேன். இரண்டு மைக்ரோஃபைபர் துணி கட்டாயம், ஒன்று எப்படியும் ஈரமாகிவிடும். முடிந்தால் போலரைசரும் கொண்டு போங்கள். ஈரப் பாறையின் பளபளப்பை எடுத்துவிட்டு, பாசியின் பச்சையை அப்படியே காட்டும். அதுவே ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சத்தையும் குறைத்துவிடும்.

தீவுக்காற்று:

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் எனக்கு நடந்தது. சாயங்காலம், வெயில் முதுகுப் பக்கம், இரண்டு நிமிட எக்ஸ்போஷர். எல்லாப் படத்திலும் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு கறை. ஃபில்டர் போலி என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். குற்றம் ஃபில்டரில் இல்லை. டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே கசிந்திருக்கிறது. சாதாரணப் படத்தில் அது தெரியாது, பத்து ஸ்டாப் இருட்டில் இரண்டு நிமிடம் கசிந்தால் தெரியாமல் இருக்குமா? இப்போது ஒரு கருப்புத் துணியைப் போட்டு மூடிவிடுகிறேன். அந்தக் கடைக்காரரிடம் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இன்னொன்று, ஈர மணலில் ட்ரைபாட். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் காலுக்கு அடியில் மண்ணை அரித்துக்கொண்டு போகும். முதலிலேயே நன்றாக அழுத்தி இறக்கிவிட வேண்டும். ஃபோகஸும் அப்படித்தான்: ஃபில்டர் மாட்டும் முன்பே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். திருகும்போது ஃபோகஸ் வளையம் கூடவே சுற்றிவிடும் லென்ஸ்களும் உண்டு.

மாடிவீடு மயிலாப்பூர்:

நான் கடலுக்குப் போனதில்லை. என்னுடைய அனுபவம் தெருவில்.

எங்கள் மாடியிலிருந்து குளத்தங்கரைத் தெரு தெரியும். நல்ல மத்தியானத்தில் பத்து ஸ்டாப்பையும் மூன்று ஸ்டாப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, எஃப் 16 வைத்தேன். 80 நொடி வந்தது. எஃப் 16-இல் கூர்மை கொஞ்சம் குறையும், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். படத்தில் தெரு காலி. ஆட்டோ இல்லை, பைக் இல்லை, நடந்து போன ஒருவரும் இல்லை. ஓரத்தில் பூ விற்கும் அம்மா மட்டும் இருந்தார். கூடை, மடித்த கால், முழங்கை வரை எல்லாம் தெளிவு. விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெண்மை. அந்த 80 நொடியும் அவர் மல்லி கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

1838-இல் புகைப்படக் கலையின் முன்னோடி தாகேர் பாரிஸில் ஒரு தெருவை எடுத்த படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு ஃபில்டரே தேவைப்படவில்லை, படம் பதியும் தகடே அவ்வளவு மந்தம், சில நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டியிருந்தது. நடமாட்டமுள்ள தெருவில் ஷூ பாலிஷுக்குக் கால் நீட்டி நின்ற ஒருவரும் பாலிஷ் போட்டவரும்தான் பதிந்தார்கள். அந்தப் படத்தைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பூக்கார அம்மாவுக்கு அப்புறம்தான் அது எனக்குப் புரிந்தது. அவருக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தேன். “கை எங்கப்பா போச்சு?” என்று கேட்டார்.

புதுசு:

சார், நான் இப்போதுதான் தொடங்குகிறேன். திருப்பித் திருப்பி ஸ்டாப்பை மாற்றும் வேரியபிள் என்டி ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் போதாதா?

தீவுக்காற்று:

தம்பி, வீடியோவுக்கு அது நல்லது. ஆனால் அது இரண்டு போலரைசரை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுதான். வைட் லென்ஸில் கடைசி வரை திருப்பினால் படத்தில் பெருக்கல் குறி மாதிரி கருப்பு விழும். ஆறு ஸ்டாப் ஒன்று வாங்கு, பத்து பிறகு பார்த்துக்கொள்ளலாம். இருக்கிற லென்ஸ்களில் பெரிய விட்டத்துக்கு வாங்கிக்கொண்டு மற்றவைக்கு, பெரிய ஃபில்டரைச் சின்ன லென்ஸில் மாட்ட உதவும் ஸ்டெப் அப் ரிங் போட்டுக்கொள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடு, நிறம் மாறினால் சரி செய்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்காதே: பத்து ஸ்டாப் போட்டிருக்கிறோம் என்று சூரியனை வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கவே கூடாது. கண் போய்விடும்.

கரையோரம்:

எல்லாருக்கும் நன்றி. தென்காசிக்காரர் சொன்ன அரை நொடியைப் படித்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி தரங்கம்பாடி போனேன்.

இந்த முறை அரை மணி நேரம் பையையே திறக்கவில்லை. கல்லில் உட்கார்ந்து அலையை மட்டும் பார்த்தேன். அடித்து ஏறும்போது எல்லா அலையும் ஒரே மாதிரி நுரைதான். திரும்பும்போதுதான் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வழி. பெரிய கல்லைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது, இடுக்கு கிடைத்தால் அதற்குள் நுழைந்து சரிகிறது. அந்த இறக்கம் ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி.

சூரியன் ஏறியிருந்தது, மீட்டர் 1/60 காட்டியது. ஆறு ஸ்டாப் போட்டதும் ஒரு நொடி. அலை மேலே ஏறி ஒரு கணம் நிற்கும்போது ரிமோட்டை அழுத்தினேன். நாற்பது படம் எடுத்தேன், முப்பத்தெட்டில் அவசரப்பட்டிருந்தேன் அல்லது பிந்திவிட்டேன். இரண்டு நின்றன. அதில் ஒன்றில், கோயில் சுவருக்குக் கீழே இருக்கும் கடைசிக் கல்லிலிருந்து தண்ணீர் வெள்ளைக் கோடுகளாக இறங்குகிறது. ஒவ்வொரு கோட்டின் அடியிலும் கொஞ்சம் மண் கலங்கி, பழுப்பாகக் கடல் பக்கம் இழுபட்டுப் போவது தெரிகிறது. பழைய பிரிண்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருக்கிறேன்.